முடியாத பின்னலும் படி கழுவிய கனகலிங்கமும்

அந்த ஞாயிற்றுக்கிழமை கனகலிங்கம் தன் வீட்டில் ஆட்சியைப் பிடிப்பதென்று முடிவெடுத்தார்.

எல்லாம் கம்பளி நூலால் வந்த வினை. கீழ்வீட்டுக் கணேசலிங்கத்துக்குப் புதுத் தட்டை டீவியைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தவர், ரிமோட்டைத் தேடி அலுமாரியைத் திறந்தார். மனைவி சிவமலர் வருடக்கணக்காகப் பின்னத் தொடங்கி இடையில் விட்டதெல்லாம் அவர் தலையில் கொட்டியது. ஒற்றைக் கைச் சட்டை. அரை மேசைக்குப் போதுமான விரிப்பு. பழைய டீவியின் தலைக்குப் போடத் தொடங்கிய பூத்துணி. அந்த டீவியே செத்து, தலையே இல்லாத டீவி வந்துவிட்டது.

கணேசலிங்கம் விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணை, அக்கா உங்கட சொல்லுக் கேக்கிறேல்லையோ?"

"ஏன் கேக்கிறேல்லை? மகள் தேனுஜாவின்ரை பிறந்தநாளுக்கு வந்து பாரும். எல்லாம் முடிஞ்சிருக்கும்!"

வாய் கொடுத்தாயிற்று. கணேசலிங்கத்தின் காதில் விழுந்தது ஸ்டுட்கார்ட் தமிழர் எல்லோர் காதிலும் விழும். முதியோர் இல்லத்து வேலை முடிந்து சிவமலர் வந்ததும் கனகலிங்கம் தொண்டையைச் செருமினார்.

"இஞ்சேர், தொடங்கினதெல்லாம் பிறந்தநாளுக்கு முதல் முடியவேணும். இது என்ரை முடிவு."

"ஓம், முடிக்கலாம்."

இவ்வளவு சுலபமா? அவருக்கே ஏமாற்றமாக இருந்தது.

"ஆனா விளக்குமாறையும் ஊசியையும் ஒண்டாப் பிடிக்க ஏலாது. படிமுறையை நீங்கள் பாக்கிறியளோ?"

அந்த வீட்டில் படிக்கட்டுக் கழுவுவது வாரத்துக்கு ஒரு வீடாக முறை வைத்து நடக்கும். யார் கதவில் மரப்பலகை தொங்குகிறதோ, அந்தக் கிழமை அவர்கள் முறை. 'மாதத்தில் ஒரு சனிக்கிழமைதானே' என்று கனகலிங்கம் தாராளமாகத் தலையாட்டினார்.

சனிக்கிழமை மத்தியானம் சிவமலர் நூலோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். "கதவைத் தட்டாதேங்கோ. பின்னல் கண் எண்ணுறது பிழைச்சிடும்."

கனகலிங்கம் வாளியோடு படியில் இறங்கினார். ஆம்பிளை படி கழுவுவதைக் கணேசலிங்கம் கண்டால் மானம் கப்பலேறும். ஆகவே ஒரு காதைக் கீழ்வீட்டுக் கதவில் வைத்துக்கொண்டே கழுவினார். ஆனாலும் கதவு திறந்தது.

"என்ன அண்ணை, படியிலை முழங்காலிலை நிக்கிறியள்?"

"கதவுப் பூட்டின்ரை திறப்பு விழுந்திட்டுது. தேடுறன்."

"வாளியோடையோ?"

கனகலிங்கத்துக்குக் காது வரை சுட்டது. வாளிக்குள் கையை விட்டுத் துழாவினார்.

அடுத்த கிழமையும் பலகை அவர் கதவிலேயே தொங்கியது. "இஞ்சேர், போன கிழமையும் எங்கட முறைதானே?" என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டார். "ஐயோ, கண் பிழைச்சுப்போச்சு!" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. அடுத்த முறைக்குரிய எதிர்வீட்டு ஹேபர்லே அம்மாவிடம் போய் ஜெர்மனில் நியாயம் கேட்கலாம்தான். அதற்குப் படியைக் கழுவுவது மேல். பிறகும் அப்படித்தான், தங்கள் முறை முடிந்த மறுகிழமையும் பலகை அசையாது. கழுவினார். முழங்கால் வீங்கியது.

பிறந்தநாளும் வந்தது. என்ன ஆச்சரியம்! சட்டைக்கு இரண்டு கை. விரிப்பு மேசை முழுக்க விரிந்து கிடந்தது. கனகலிங்கத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"பாத்தீரோ கணேசலிங்கம்? ஒரு சொல்லுத்தான் சொன்னனான்."

"நம்பவே ஏலாமல் இருக்கு அண்ணை!"

அப்போது ஹேபர்லே அம்மா கேக்கோடு வந்தார். மேசைவிரிப்பை ஆசையாகத் தடவிவிட்டு, எல்லோருக்கும் விளங்கவேண்டுமென்று மெதுவான ஜெர்மனில் சிவமலரிடம் சொன்னார்: "மற்றதெல்லாம் சுகம். இந்த ஓரம் பின்னத்தான் கஷ்டப்பட்டேன். ஆனால் அதற்கென்ன, என் முறைக்கும் சேர்த்து உங்கள் கணவர் முழங்காலில் நின்று படி கழுவுகிறாரே! என் மனுஷன் இருந்த காலத்தில் வாளியைத் தொட்டதே இல்லை."

பதினைந்து வருடம் ஜெர்மனியில் இருந்த கணேசலிங்கத்துக்கு ஒரு சொல்லும் தப்பவில்லை. கேக் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். கனகலிங்கம் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் மேசைவிரிப்பையே பார்த்தார். குசினிக்குள் மனைவியைக் கூட்டிக்கொண்டு போகும்போது நிமிர்த்திய நெஞ்சு வயிற்றுக்கு இறங்கியிருந்தது.

"அப்ப நீ அறைக்குள்ளை என்ன செய்தனீ?"

"நித்திரை கொண்டனான்."

"நித்திரையோ!"

"கலியாணம் கட்டின நாள் தொடக்கம் ஒரு சனிக்கிழமையாவது மத்தியானம் படுத்திருப்பனோ? வேலையாலை வந்தால் சமையல், சமையல் முடியப் படி, படி முடிய உங்கட சிநேகிதருக்குத் தேத்தண்ணி. பின்னலை ஏன் முடிக்கேல்லையெண்டு கேட்டியள். எப்ப முடிக்கிறதெண்டு ஒருநாள் கேட்டியளோ?"

கனகலிங்கத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. கணேசலிங்கம் சிரித்தபோது வந்த வெட்கம் வேறு; இது உள்ளே போய்க் குத்தியது. ஏதாவது நல்ல வார்த்தை சொல்லவேண்டுமென்று தோன்றியது.

"சரி, விடு. படிமுறை இனி என்னோடையே இருக்கட்டும்."

சிவமலர் முகம் மலர்ந்தது. கதவுக்குப் பின்னாலிருந்த வாளியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"அப்ப வாளியைப் பிடியுங்கோ. இந்தக் கிழமை உண்மையிலையே எங்கட முறை."