சபேசனின் இயர்போனும் இரண்டாவது வாசலும்

ஒரு காட்டில், செல்போன் டவருக்கும் கரையான் புற்றுக்கும் நடுவே, சபேசன் என்ற முயல் தன் மனைவி கோமளாவோடு வளை எடுத்து வாழ்ந்து வந்தார். கோமளா அப்போதுதான் குட்டி போட்டிருந்தாள். குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை. வளைக்கு இருந்தது ஒரே வாசல். அந்த வட்டாரத்தில் தண்டபாணி என்ற நரி நடமாடுவதாகப் பேச்சு இருந்தது.

"என்னங்க, பின்பக்கம் ஒரு வாசல் தோண்டிடுங்க. நரி முன்னால வந்து நின்னா குட்டிகளைத் தூக்கிட்டு நான் எந்தப் பக்கம் ஓடுறது?" என்றாள் கோமளா.

"தோண்டிடலாம், தோண்டிடலாம். இந்த இயர்போன் விஷயத்தை மட்டும் முடிவு பண்ணிட்டு வந்துடறேன்" என்றார் சபேசன்.

இயர்போன் விஷயம் போன மழைக்காலத்தில் ஆரம்பித்தது. சபேசன் பெரிய சங்கீத ரசிகர். வீணை, புல்லாங்குழல், கடம் என்று கரண்டு படாத வாத்தியமாக இருந்தால்தான் அவருக்கு இறங்கும். அதைச் சுத்தமாகக் கேட்கக் காதுக்குள் செருகும் உயர்ரக இயர்போன் வேண்டுமாம். முகத்தைவிட நீளமாகக் கடவுள் கொடுத்த காது போதவில்லை.

வாங்குவது என்றால் சும்மா வாங்கிவிட முடியுமா? முதலில் யானை எழுதிய விமர்சனத்தைப் படித்தார். யானைக்குத் தொம் தொம் என்று அதிரும் பேஸ்தான் பிடிக்கும் என்று தள்ளிவிட்டார். பிறகு ஒரு வௌவாலின் வீடியோக்களைப் பார்த்தார். வௌவாலுக்குக் கேட்கும் சத்தம் வேறு யாருக்கும் கேட்காது என்பதால், அவர் சொன்னதை இதுவரை யாரும் மறுத்ததில்லை. சபேசனும் மறுக்கவில்லை.

"குட்டி அழுவுறது காதுல விழுதா இல்லையா?" என்று கோமளா கத்தினாள்.

"விழுது, விழுது. நல்லாக் கவனி. ஒண்ணு இடது பக்கம் அழுவுது. இன்னொண்ணு கொஞ்சம் பின்னால தள்ளி அழுவுது. இப்படித் தனித்தனியா இடம் தெரியணும். நல்ல இயர்போனுக்கு அதுதான் அடையாளம்."

கடைசியில் 'நாதவல்லி பிரீமியம்' என்ற ஒன்றை முடிவு செய்தார். கூரியர் ஆமை அதைக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் புல் ஒருமுறை காய்ந்து மறுபடி முளைத்துவிட்டது. பெட்டி வந்த அன்றே, இனி இவரை நம்பிப் பயனில்லை என்று கோமளா பின்சுவரைத் தானே தோண்ட ஆரம்பித்தாள். பால் கொடுத்த நேரம் போக மீதி நேரமெல்லாம் மண்.

சபேசன் வாசலில் உட்கார்ந்து இயர்போனை மாட்டிக்கொண்டார். அங்கேதான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும்.

எதிர்வளையில் ஏகாம்பரம் என்று ஒரு முயல். மிகவும் பொறுப்பானவர். சாப்பிடும்போதுகூடக் காதைத் தூக்கியே வைத்திருப்பார். ஊரில் எல்லா மனைவிமாரும் தங்கள் புருஷனிடம் அவரைத்தான் காட்டிப் பேசுவார்கள். கோமளாவும் பேசியிருக்கிறாள். அன்றைக்கு ஒரு சருகு நொறுங்கியது. ஏகாம்பரத்துக்கு அது உடனே கேட்டது. எழுந்து ஓடினார். நரி அதுவரை அவரைப் பார்க்கவே இல்லை; ஓடியதால்தான் பார்த்தது. அவர் கதை அத்தோடு முடிந்தது.

சபேசனுக்குச் சருகும் கேட்கவில்லை, ஏகாம்பரமும் கேட்கவில்லை. கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

தண்டபாணி வாயைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றார். ஏகாம்பரம் அவருக்கு ஒரு வாய்க்குத்தான் ஆகியிருந்தார். உள்ளே கோமளா வாசனை பிடித்துவிட்டாள். குட்டிகளை வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டு, மண் ஒட்டிய வாயோடு அப்படியே உறைந்துபோனாள். பின்சுவர் இன்னும் பாதிகூடத் திறக்கவில்லை.

நரி பாய்வதற்குக் காலைப் பின்னால் வைத்தது. அப்போது பெட்டி கண்ணில் பட்டது. மெதுவாக எட்டி, சபேசனின் காதிலிருந்து ஒரு பக்கத்தை உருவியது.

"சார், தொந்தரவுக்கு மன்னிக்கணும். இது நாதவல்லியா, நாதவல்லி பிரீமியமா?"

சபேசன் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "பிரீமியம். சாதாரணத்துல கடம் தகர டப்பா மாதிரி கேக்கும்."

"அப்படிச் சொல்லுங்க! இதையேதான் நான் இயர்போன் வாட்ஸ்அப் குழுவுல எழுதினேன். ஒரு பயலும் ஒத்துக்கலை."

சபேசன் கண்ணைத் திறந்தார். "குழுவுலயா? சார், அங்க தம்புராப் பித்தன்னு எழுதுறது... நீங்களா?"

"நீங்க புல்வெளி ரசிகனா!"

இருவரும் கட்டிக்கொண்டார்கள். அந்த ஆனந்தம் தணிந்ததும் நரி தொண்டையைச் செருமிக்கொண்டது.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். நான் வந்தது உங்களைச் சாப்பிட. உள்ளேயிருந்து குட்டி வாசனையும் வருது. ஒரே ஒரு வீணை மட்டும் கேட்டுட்டு அப்புறம் ஆரம்பிக்கிறேன்."

சபேசனின் முகம் வெளிறிவிட்டது.

"ஐயையோ! இப்போ கேக்காதீங்க சார். இன்னிக்குத்தான் பெட்டியைப் பிரிச்சிருக்கேன். கொஞ்ச நாள் சும்மா பாட்டு ஓடவிட்டாத்தானே சத்தம் திறக்கும்? பச்சையாக் கேட்டுட்டு இதைப் பத்தி நீங்க தப்பா நினைச்சுட்டா என் மனசு தாங்காது."

நரிக்கு வெட்கமாகிவிட்டது. "அட, ஆமா. புதுசுல யாரும் கேட்டு முடிவுக்கு வரக்கூடாதுன்னு நானே எத்தனை பேரைத் திட்டியிருக்கேன்! ஓடட்டும் சார். நான் காத்திருக்கேன்."

இப்படியாக, யார் காதிலும் இல்லாத இயர்போன் ஒரு கல்லின் மேல் கிடந்து தன்பாட்டுக்கு வீணை வாசித்தது. அது பழுக்கும்வரை நரி வாசலிலேயே படுத்துக்கொண்டது. கோமளா நகம் தேயத் தோண்டினாள். நடுநடுவே வாசலிலிருந்து நரியின் குரல் வரும்.

"தங்கச்சி, அருகம்புல் ஜூஸ்ல அடுத்த தடவை உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும்."

"சரிங்கண்ணே" என்பாள். தன்னைத் தின்னப்போகிறவருக்கு உப்புப் பார்த்துப் போட்ட பெண் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

ஓடி முடிந்தது. நரி மாட்டிப் பார்த்தது. காது ரப்பர் அளவு சேரவில்லை. பெரிய ரப்பருக்கு ஆர்டர் போட்டார்கள்; ஆமை அதையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனது. நரி கண்ணை மூடிக் கேட்டது. சுவரில் இன்னும் ஒரு கை மண்தான் பாக்கி. கோமளா சத்தம் வராமல் பிறாண்டினாள்.

"பக்கத்துல உக்காந்து வாசிக்கிற மாதிரியே இருக்கு சார். வித்வான் மூச்சு விடுறதுகூடக் கேக்குது" என்று நரி இயர்போனைக் கழற்றிப் பெட்டியில் வைத்தது. உதட்டை நக்கிக்கொண்டது. "ரொம்ப நன்றி. இனி நம்ம வேலையை..."

"மேல் பஞ்சமத்துல ஒரு கூர்மை தெரிஞ்சுதா?" என்றார் சபேசன் கவலையாக.

நரி யோசித்தது. "தெரிஞ்சுது."

"வயர்தான் சார். வெள்ளி வயர் மாத்தினாப் போயிடும்."

நரி மறுபடி உட்கார்ந்துகொண்டது.

அந்த நேரம் பார்த்துப் பின்சுவர் பொலபொலவென்று விழுந்து வெளிச்சம் வந்தது. கோமளா முதல் குட்டியை வாயில் கவ்வித் திரும்பினாள். புது வாசலில், சத்தம் கேட்டுச் சுற்றி வந்த இரண்டு தலைகள்.

"ஆஹா!" என்றது நரி. உள்ளே வந்து கைதட்டிப் பார்த்தது. "எதிரொலியே இல்லை சார். வெளிச்சத்தம் துளி வரலை. சங்கீதம் கேக்கறதுக்குன்னே கட்டின மாதிரி இருக்கு."

"எல்லாம் நம்ம ஏற்பாடுதான்" என்றார் சபேசன்.

இருவரும் இரண்டு வாசலுக்கும் குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்து வெள்ளி வயர் பார்க்க ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் நரி கூச்சத்தோடு திரும்பியது.

"தங்கச்சி, குட்டிங்க அழுவுறது கொஞ்சம் குறுக்கே வருது. வேற பக்கம் ஒரு வாசல் எடுத்துக்கிட்டா உங்களுக்கும் சௌகரியம்."

"ஆமா கோமளா, அண்ணன் சொல்றது நியாயம்தான்" என்றார் சபேசன்.

கோமளா குட்டிகளை மூலைக்கு நகர்த்திவிட்டு அடுத்த சுவரில் நகத்தை வைத்தாள். அது எந்தப் பக்கம் திறக்கும் என்று அவர்கள் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

நீதி: காதைத் தீட்டி வைத்திருந்தவர் செத்தார், காதை அடைத்துக்கொண்டவர் பிழைத்தார். ஆகவே ஆண்மக்களே, வாசல் தோண்டுவதை வீட்டில் பயந்த பெண்ணிடம் விட்டுவிட்டு, நரிக்குப் பிடித்த இயர்போனாகப் பார்த்து வாங்குங்கள்.