எஸ்டிடெவ் சீனிவாசராகவன்

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் போனால் ஒரு ஜீவராசியைப் பார்ப்பீர்கள். கழுத்தில் கம்பெனி அட்டை, கையில் லேப்டாப், வாயில் ஒரே ஒரு வார்த்தை: எஸ்டிடெவ். பயப்படாதீர்கள், நோயின் பெயர் அல்ல. டேட்டாபேஸில் அந்தச் சொல்லைப் போட்டு ஒரு வரி க்வெரி, அதாவது கேள்வி, எழுதினால், இருக்கிற எண்களெல்லாம் சராசரியை விட்டு எவ்வளவு விலகிக் கிடக்கின்றன என்று ஒரே எண்ணில் சொல்லிவிடும். கருவி நல்ல கருவிதான். பிடித்திருக்கிற கையைத்தான் சொல்கிறேன்.

எங்கள் மேனேஜர் சீனிவாசராகவன் இந்த இனத்தில் அசல். கம்பெனி கேப் வண்டி வந்த நேரம், லிஃப்டுக்கு நின்ற நேரம், கேன்டீன் இட்லியின் எடை என்று கண்ணில் பட்டதையெல்லாம் டேட்டாபேஸில் ஏற்றி, எஸ்டிடெவ் பார்த்து, விலகல் குறைந்தால் முகம் மலர்ந்து, கூடினால் அன்று முழுக்க யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். வீட்டில் மனைவி போடும் காப்பிக்கும் பார்த்தாராம். மறுநாளிலிருந்து காப்பியை அவரே போட்டுக்கொள்கிறார்.

போன மாதம் ஆட்களுக்குப் பார்த்தார். மருத்துவக் காப்பீட்டுப் புகார்களுக்கு போனில் பதில் சொல்வது எங்கள் வேலை. ராஜேஷ்குமார் எந்த அழைப்பையும் ஒன்பது நிமிடத்தில் முடிப்பார். விலகல் கிட்டத்தட்ட பூஜ்யம். ஜோசஃபினுக்கு ஒரு அழைப்பு மூன்று நிமிடம், அடுத்தது இரண்டு மணி நேரம், விலகல் நாற்பத்தொன்று. ராஜேஷ்குமாருக்குக் கேடயம். ஜோசஃபினுடைய ஒப்பந்தம் மாதக் கடைசியில் முடிகிறது. நீட்டிக்க வேண்டாம் என்று சார் எழுதிவிட்டார்.

ஜோசஃபினுக்கு ஜோகுபாளையத்தில் வாடகை வீடு, ப்ளஸ் டூ படிக்கும் மகள், இந்த ஒரு சம்பளம். ஜோசஃபின் சண்டை போடவில்லை. கேட்டார், அவ்வளவுதான்.

“சார், ஒன்பதாவது நிமிஷம் ராஜேஷ் ‘மேடம்கிட்ட குடுக்கறேன்’னு லைனை எனக்குத் தள்ளிடறார். ஆபரேஷன் நின்னுபோச்சுன்னு அழறவங்களை நான் எத்தனை நிமிஷத்துல சார் அனுப்பறது?”

“கரெக்ட்தாம்மா. ஆனா அதெல்லாம் க்வெரியில வராதே!”

ஜோசஃபின் போன பிறகு எங்கள் டீமின் விலகல் பாதியாகக் குறைந்துவிட்டது. சார் கேக் வெட்டினார். எனக்கும் ஒரு துண்டு வந்தது, வெட்கமில்லாமல் சாப்பிட்டேன். அழுதுகொண்டு கூப்பிடுகிறவர்களுக்கு இப்போது ஒன்பதாவது நிமிடத்தில் லைன் கட்டாகிறது.

என்ன, சீனிவாசராகவன் மேல் கோபம் வருகிறதா? ரொம்ப சந்தோஷம். ஒன்றே ஒன்று மட்டும் நிஜமாகச் சொல்லுங்கள். நாற்பத்தொன்று என்று படித்தவுடனே, அந்த அம்மா வாயைத் திறப்பதற்கு முன்பே, ‘வேலையில் கொஞ்சம் அப்படி இப்படித்தான் போலிருக்கிறது’ என்று நீங்கள் முடிவுகட்டவில்லையா?