கரண்ட் பில்லைப் பாதியாகக் குறைத்த விவரம்

அன்பு மருமகளுக்கு,

மாமனார் எல்லா ஆசிகளோடும் எழுதிக்கொள்வது. வீட்டில் அனைவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அனைவரும் என்றால் நானும் உன் அத்தையும்தான். அதில் ஒருவர் முந்தாநாள் சாயங்காலம் வீட்டிலேயே இல்லை என்பதால் அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். பயிற்சிக்குப் போன இடத்தில் நீயும் என் மகனும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்குவீர்கள் என்று நம்புகிறேன். இது போனில் சொல்ல வேண்டிய விஷயம்தான். ஆனால் நான் பாதி சொல்வதற்குள் உன் அத்தை போனை வாங்கி மீதியைச் சொல்லிவிடுவாள். என் தரப்பு நியாயம் முழுவதும் எழுத்தில் இருக்கட்டும்.

நீ கிளம்பும்போது, "மாமா, கரண்ட் பில்லை மட்டும் தேதி தவறாம கட்டிடுங்க, மத்ததை அத்தை பாத்துப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாய். நீ சொன்னது கட்டுவதற்கு. நான்தான் குறைப்பதற்கும் சேர்த்து என்று எடுத்துக்கொண்டேன். பில்லைப் பார்த்ததும் எனக்கு வந்த படபடப்பு அப்படி. பஸ் டிப்போவில் டைம் கீப்பராகவே காலத்தை ஓட்டியவன் நான். அங்கே டிரைவருக்கு ஷிஃப்ட் உண்டு, கண்டக்டருக்கு ஷிஃப்ட் உண்டு, பஸ்ஸுக்கே ஓய்வு உண்டு. நம் வீட்டு ஃப்ரிட்ஜ் மட்டும் வாங்கிய நாளிலிருந்து ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது, கேட்பாரில்லை. ஆகவே வீட்டிலுள்ள எல்லாச் சாமான்களுக்கும் ஒரு டைம்டேபிள் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். ஃப்ரிட்ஜுக்குக் காலையிலும் ராத்திரியிலும் டியூட்டி, மத்தியானம் ஓய்வு. இஸ்திரிப் பெட்டிக்கு மாதக் கடைசியில் மட்டும் வேலை. ஃபேன் நான் உட்கார்ந்திருக்கும் அறையில் மட்டும். டிவிக்குச் செய்தி நேரம் தவிர விடுமுறை. உன் அத்தை அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவன் அப்படி எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

ஃப்ரிட்ஜ் ஓய்வெடுக்க ஆரம்பித்த இரண்டாம் நாளே பால் திரிந்தது. அதைப் பெரிசு பண்ணாமல் இருந்தோம். ஆனால் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா, தன் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் என்று, விருந்துக்கு வாங்கிய பெரிய மீனை நம் ஃப்ரீசரில் வைத்திருந்த விஷயம் எனக்கு எப்படித் தெரியும், யாரும் சொல்லவில்லை, மூக்குதான் சொல்லிச்சு. உடனே சைக்கிளை எடுத்துக்கிட்டு ஐஸ் பாளம் வாங்கப் போனேன். கடையில ஏத்தும்போது பாளமாத்தான் இருந்துச்சு, வீட்டு வாசல்ல இறக்கும்போது கையில ஈரச் சாக்குதான் மிச்சம், வழி நெடுக ரோடு கழுவிவிட்ட மாதிரி சுத்தம். கடைசியில மீனுக்குப் பதில் மீன் வாங்கிக் கொடுத்தேன். ஃப்ரிட்ஜ் ஓய்வெடுத்ததில மிஞ்சின பணம் அந்த மீனோட வாலுக்குக்கூடக் காணாது. தையல்காரம்மா தங்கமான மனுஷி, பரவாயில்லைண்ணான்னு சொன்னாங்க. அதைச் சொல்லும்போது மூக்கைப் பொத்திக்கிட்டிருந்ததால எனக்குச் சரியாக் கேக்கலை.

இதோட நிறுத்தியிருக்கலாம். ஆனா வாசல் காலிங் பெல்லுல ஒரு குட்டிச் சிவப்பு விளக்கு எந்நேரமும் எரியுதே, நீ கவனிச்சிருக்கியா? கடுகு மாதிரி இருக்கு, ஆனா விடாம எரியுது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனசு ஆறலை. வயரைக் கழட்டிட்டேன். அதுக்கப்புறம் வீடு ரொம்ப நிம்மதியா இருந்துச்சு, ஒருத்தரும் வரலை. ஓய்வுபெற்றவனை உலகம் மறந்துடுச்சுன்னு நான் தத்துவமா நினைச்சுக்கிட்டு, ஃபேன் இல்லாத நடையில, கதவுக்குப் பின்னாடியே நாற்காலி போட்டு அட்டையால விசிறிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்துலதான் மீட்டர் பாக்கிறவர் வந்து, பெல்லை அமுக்கி அமுக்கிப் பார்த்துட்டு, வீடு பூட்டியிருக்குன்னு எழுதிட்டுப் போயிருக்கார். அவருக்கும் எனக்கும் நடுவுல ஒரு கதவுதான். பில் வந்துச்சு. போன வருஷ வெயில் காலத்துக் கணக்கை வச்சு உத்தேசமாப் போட்டிருந்தாங்க. நீ இருந்தப்போ வந்ததைவிட அதிகம்.

அதை எடுத்துக்கிட்டு மின்சார ஆபீசுக்குப் போனேன். கவுன்ட்டர்ல இருந்த அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு, "வீடு பூட்டியிருந்துச்சுன்னு போட்டிருக்கு சார்" அப்படின்னாங்க. நான் உள்ளேதான் இருந்தேன்னு சொன்னேன். பெல் அடிச்சுப் பார்த்தாராமேன்னு கேட்டாங்க. பெல்லுக்குக் கரண்ட் கட்னு சொன்னேன்.

"நாங்க கட் பண்ணலையே சார்."

"நான்தாம்மா பண்ணேன்."

"எதுக்கு சார்?"

"பில்லைக் குறைக்கத்தான்."

 அந்த அம்மா பக்கத்துச் சீட்டுக்காரரைக் கூப்பிட்டு, சார் இன்னொரு தடவை சொல்லுங்கன்னாங்க. சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போனார், தோள் மட்டும் குலுங்கிட்டிருந்துச்சு. அடுத்த தடவை மீட்டர் பார்க்கும்போது அதிகமாப் போட்டதைக் கழிச்சிடுவாங்களாம், பெல்லை மட்டும் மாட்டிடுங்கன்னு பொறுமையாச் சொன்னாங்க. வந்த வேலை முடிஞ்சுது, ஆனா அங்கே ஏசி. அந்தக் குளிர்ல நாற்காலியில சாஞ்சவன், வாட்ச்மேன் வந்து ஆபீஸ் மூடணும்னு தோளைத் தட்டுற வரைக்கும் தூங்கிட்டேன்.

வீட்டுக்கு வந்தா இருட்டு. உன் அத்தையைக் காணோம், அவ தலையணையையும் காணோம். புடவை போயிருந்தாக்கூட நான் பயந்திருக்க மாட்டேன், தலையணை போச்சுன்னதும் செருப்பைக்கூட மாட்டாம வாசலுக்கு ஓடினேன். தையல்காரம்மா வீட்டுல சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு, போய்ப் பார்த்தேன். உன் அத்தை ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து, டிவி பார்த்துக்கிட்டு, கடையில வாங்கின ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கிட்டிருந்தா. வீட்டுக்கு வான்னு கூப்பிட்டேன். அவ கோவிச்சுக்கவே இல்லை, அதுதான் பயமா இருந்துச்சு.

"உங்க டைம்டேபிள்ல எனக்கு எந்த ஷிஃப்ட்னு தேடிப் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டிக்குக்கூட இருக்கு, எனக்கு இல்லை. சரி, லீவு போலன்னு வந்துட்டேன்."

 திரும்பி வந்து சுவத்துல இருந்த டைம்டேபிளைக் கிழிச்சேன். பெல்லை மாட்டினேன். அப்புறம் என்ன செய்யறதுன்னு தெரியாம வீட்டுல இருக்கிற அத்தனை லைட்டையும் போட்டேன், மாடிப்படி லைட்டு, குளியலறை லைட்டு, நீ அலங்காரத்துக்கு மாட்டின கலர் லைட்டு வரைக்கும். ஃபேன் எல்லாத்தையும் முழு வேகத்துல விட்டுட்டு நடுக்கூடத்துல உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்துல தலையணையோட வந்தா. ஆள் இல்லாத ரூம்ல எதுக்கு லைட்டுன்னு முணுமுணுத்துக்கிட்டே ஒவ்வொண்ணா அணைச்சுக்கிட்டு வந்தா. 

ஆகவே மருமகளே, வீட்டுச் செலவைக் குறைக்கும் பொறுப்பிலிருந்து இன்று முதல் நான் விலகிக்கொள்கிறேன். இனி எல்லாம் உன் அத்தையின் கையில். புத்தி வந்துவிட்டது, நீ நிம்மதியாகப் படிக்கலாம். இங்கே அனைவரும் சுகம். இப்போது தைரியமாக எழுதுகிறேன். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், பெரிய பில் எதுவும் வராமல், நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,

உன் அன்பு மாமா

பி.கு.: கடிதத்தை உறையில் போடும் நேரத்தில் தண்ணீர் பில் வந்தது. பார்த்தேன், மனசு ஆறவில்லை. மேலே எழுதிய விலகல் கரண்ட் சம்பந்தப்பட்டது, தண்ணிக்குப் பொருந்தாது. அதனால மொட்டைமாடிக்குப் போய் டேங்க் வால்வை மூடிட்டு வந்துட்டேன், இனிமே தண்ணிக்கும் நேரம் காலம் உண்டு. குளிக்கப் போன உன் அத்தை உள்ளேயிருந்து கூப்பிடுறா. குரலைப் பார்த்தா முகமெல்லாம் சோப்புன்னு தோணுது. போய் என்னன்னு கேட்டுட்டு வந்து உறையை ஒட்டறேன். உங்க பயிற்சி ஹாஸ்டல்ல இன்னொருத்தர் தங்க இடம் இருக்கான்னு மட்டும் விசாரிச்சு வை.