முந்நூற்றுப் பன்னிரண்டு முறை வந்து தங்கிய விருந்தினர்

பின்தொடைத் தசை மனிதனுக்குப் பின்பக்கத்தில் அமைந்துவிட்டதால், அதைப் பற்றி எந்த அரசும் இதுவரை கொள்கை வகுத்ததில்லை. செர்பியாவில் மொராவா ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊர் நகரசபைதான் அந்தக் குறையைப் போக்கியது. அதுவும் தனக்கே தெரியாமல் போக்கியது. நல்ல நிர்வாகத்துக்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

சாவி வெட்டும் கடை வைத்திருந்த ரத்தோமிருக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. ஆறு வருடமாக மாவட்ட ஆணழகன் போட்டியில் நின்று, ஆறு வருடமும் நான்காவதாக வந்தவன். முன்னாலிருந்து பார்த்தால் குறை சொல்ல முடியாத உடம்பு. மார்பு, தோள், முன்தொடை எல்லாம் அளவெடுத்துச் செய்தது போல இருக்கும். நடுவர் "பின்பக்கம் திரும்பவும்" என்பார். அதோடு அவன் கதை முடிந்தது. முன்தொடைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. போன வருடம் மதிப்பெண் தாளில் ஒரு நடுவர், "முன்புறம் மிக நன்று. பின்புறம் வருகை தரவில்லை" என்றே எழுதிவிட்டார்.

இதில் ரத்தோமிரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஊர் ஜிம்மில் கண்ணாடி முன்பக்கச் சுவரில்தான் இருக்கிறது. கண்ணாடியில் தெரியாத தசையை வளர்ப்பவனை, வாடகை வீட்டுக்குச் சொந்தச் செலவில் வெள்ளையடிப்பவனைப் போலப் பார்ப்பார்கள். வாலிபர்கள் மார்பையும் கையையும் வளர்த்து, கைப்பேசியில் படம் எடுத்து, ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டுப் போவார்கள். பின்தொடையைப் படம் எடுத்து யாரும் பெண் பார்க்க அனுப்பியதில்லை.

அடுத்த வருட நடுவில் ஐம்பது. ஐம்பது ஆகிவிட்டால் மூத்தோர் பிரிவு. அதில் மேடை ஏறி விழாமல் நின்றாலே கோப்பை கொடுத்துவிடுவார்கள். அப்படி ஒரு கோப்பையை வீட்டில் வைத்துக்கொண்டு தினமும் அதன் முகத்தில் விழிக்க ரத்தோமிர் விரும்பவில்லை. வருகிற ஏப்ரல்தான் கடைசி வாய்ப்பு. அவனுக்கு அது சாப்பாடு இறங்காத கவலையாக இருந்தது.

நகரசபைக் கட்டிடத்தின் நிலவறையில்தான் அந்த ஜிம். நடத்துபவள் ஸ்லாவிட்சா. ஒரு காலத்தில் ஈட்டி எறிந்தவள். இப்போது சொற்களை எறிகிறாள், குறி தப்புவதில்லை.

"உனக்கு இடுப்பு எலும்புத் தட்டு நகர்ந்திருக்கு தம்பி, நின்னு குனிஞ்சு எடை தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு," என்றாள். "மிச்சம் இருக்கிறது ஒண்ணுதான். குப்புறப் படுத்துக் காலை மடக்கிற மெஷின். ஒரு நாளைக்கு நாலு தடவை, வாரத்துல மூணு நாள். ஒரு தடவைக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ரெண்டே நிமிஷம். ரெண்டு நிமிஷம் தாண்டினா தசை ஆறிப்போகும். செய்வியா?"

"செய்யறேன் அக்கா."

"ஆறு வருஷமா இதையேதான் சொல்றே."

அக்டோபர் முதல் திங்கட்கிழமை ரத்தோமிர் குப்புறப் படுத்து, குதிகாலில் உருளையை மாட்டி, பதினோராவது மடக்கலில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது, நகரசபை ஆய்வாளர் திஹோமிர் உள்ளே வந்தார். வந்தது தீயணைப்புக் கருவியைப் பார்க்க. ஆனால் கடமையுணர்ச்சி உள்ளவர் வந்த வேலையை மட்டும் பார்த்துவிட்டுப் போவதில்லை.

"இவர் ஏன் படுத்திருக்கார்?"

"பின்தொடைக்கு சார்," என்றாள் ஸ்லாவிட்சா.

"எதுக்குன்னு நான் கேக்கலை. படுத்திருக்காரா, இல்லையா?"

"படுத்திருக்கார்."

"கீழ மெத்தை இருக்கு."

"நெஞ்சு அழுந்தாம இருக்க."

"படுக்க இடம் இருக்கு, மெத்தை இருக்கு, ஆள் இருக்கு. இதுக்குச் சட்டத்துல தங்கும் விடுதின்னு பேரு."

"அவன் தூங்கலையே சார்."

"விடுதில தூக்கம் வரலைன்னா அது விடுதி இல்லைன்னு ஆயிடுமாம்மா?"

ஸ்லாவிட்சா பக்கத்தில் இருந்த பெஞ்சைக் காட்டினாள். அதில் ஒருவன் மல்லாந்து படுத்து எடை தூக்கிக்கொண்டிருந்தான். "அப்ப அவன் மட்டும் என்ன, நிக்கிறானா?"

திஹோமிர் யோசித்தார். காபி வந்தது. பணி நேரத்தில் மது அருந்தாதவர் என்பதால், பிளம் சாராயத்தை மருந்தாக மட்டும் ஒரு சிறு கிளாஸ் எடுத்துக்கொண்டார். பிறகு தீர்ப்பு சொன்னார்.

"அவன் மல்லாக்கப் படுத்திருக்கான். முகம் தெரியுது. யாருன்னு தெரியுது. குப்புறப் படுத்தவன் யாருன்னு அரசாங்கத்துக்கு எப்படித் தெரியும்?"

மறுநாள் உத்தரவு வந்தது. மேற்படி இயந்திரம் ஒரு படுக்கை கொண்ட தங்கும் விடுதி என வகைப்படுத்தப்படுகிறது. படுக்க விரும்பும் ஒவ்வொருவரும் படுப்பதற்கு முன் நான்காவது மாடியில் உள்ள விருந்தினர் பதிவுப் பிரிவில் நேரில் பதிந்துகொள்ள வேண்டும். எழுந்தவர் புறப்பட்டவராகக் கருதப்படுவார். மறுபடி படுப்பவர் புதிய விருந்தினர். மேலும், விடுதி விதிப்படி படுக்கைக்கு அருகே உள்ள ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

பதிவைக்கூட ஊர் பொறுத்துக்கொண்டது. ஜன்னல் விஷயத்தில்தான் கலவரமே வரப்பார்த்தது. ஜன்னலும் கதவும் ஒரே நேரத்தில் திறந்திருந்து, நடுவே வியர்த்த உடம்போடு ஒருவன் படுத்திருந்தால், குறுக்குக் காற்று அடித்து அவன் தசை வீங்கி, கழுத்து பிடித்து, ஆள் ஒரு வாரத்தில் போய்ச் சேர்ந்துவிடுவான் என்பது எங்கள் நாட்டில் படித்தவர், படிக்காதவர் எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயம். அகில செர்பியாவிலும் அரசியல் வேறுபாடு இல்லாத விஷயம் இது ஒன்றுதான். திஹோமிரே நேரில் வந்து ஜன்னலைத் திறந்தார். கழுத்தில் காற்று பட்டதும் பதறி மூடினார்.

"சட்டம் சட்டம்தான். ஆனா உசுருன்னு ஒண்ணு இருக்கில்ல," என்றார். "இந்த ஜன்னல் திறந்திருக்கிறது" என்று ஒரு தாளில் எழுதி, முத்திரை குத்தி, மூடிய ஜன்னலில் ஒட்டிவிட்டுப் போனார். இரண்டு தரப்புக்கும் திருப்தி.

நான்காவது மாடியில் பதிவுப் பிரிவில் தெசாங்கா இருந்தாள். பதினோரு வருடமாக அந்தக் கவுண்டர் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவள். எங்கள் ஊருக்கு விருந்தினர் யாரும் வருவதில்லையாதலால் பதினோரு வருடமாக அவளுக்கு வேலையே இல்லை. ரத்தோமிரைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"வாங்க வாங்க. எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க?"

"என்னைத் தெரியலையா? உங்க வீட்டுக் கதவுக்குச் சாவி வெட்டினதே நான்தானே."

"தெரியும். ஆனா இந்தக் கட்டத்தை நிரப்பணுமே. எந்த ஊர்?"

"இந்த ஊர்."

"எங்க போறீங்க?"

"கீழ."

"வந்த நோக்கம்?"

"பின்தொடை."

தெசாங்கா பட்டியலைப் பார்த்தாள். வியாபாரம், சிகிச்சை, உறவினர், இதர என்று நான்குதான் இருந்தன. "இதர" என்று எழுதினாள். "நல்லபடியா தங்குங்க," என்றாள். அதை அவள் மனசாரத்தான் சொன்னாள்.

மின்தூக்கி ஒன்பது வருடமாகப் பழுது. கீழ்த்தளத்திலிருந்து நான்காவது மாடிக்கு எண்பத்தெட்டுப் படி. ரத்தோமிர் பதிந்துவிட்டு இறங்கி, படுத்து, பன்னிரண்டு முறை மடக்கினான். எழுந்தான். எழுந்ததால் புறப்பட்டவன் ஆனான். இப்போது மறுபடி பதிய வேண்டும். ஸ்லாவிட்சா கடிகாரத்தைக் காட்டினாள்.

"ரெண்டு நிமிஷம் தம்பி. தசை ஆறிடும். ஓடு."

முதல் நாள் அவனுக்கு ஏழு நிமிடம் ஆனது. தசை ஆறிப்போனது. இரண்டாவது வாரம் இரண்டிரண்டு படியாகத் தாவினான். டிசம்பரில் மூன்று மூன்று படியாக, முன்னால் சாய்ந்து, கம்பியைத் தொடாமல் தாவினான். தெசாங்கா அவன் காலடிச் சத்தம் இரண்டாவது மாடியில் கேட்கும்போதே படிவத்தை நிரப்பி முத்திரையோடு கையை வெளியே நீட்டி வைத்திருப்பாள். அரசு ஊழியர் ஒருவர் பொதுமக்களுக்காகக் காத்திருந்தது எங்கள் ஊர் வரலாற்றில் அதுவே முதல் முறை. ஓடிவரும் அவனிடம், "ரெண்டாவது தங்கலா, மூணாவதா?" என்று மட்டும் கேட்பாள்.

ஜிம்மில் மற்றவர்கள் பின்தொடையைக் கைவிட்டார்கள். அதாவது முன்பு செய்யாததை, இப்போது சட்டத்தின் காரணமாகச் செய்யவில்லை.

மார்ச் கடைசியில் நகரசபைத் தலைவர் சுற்றுலா அறிக்கை வெளியிட்டார். அரையாண்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு விருந்தினர் தங்கல்கள். முந்தைய அரையாண்டில் பூஜ்யம். வளர்ச்சி விகிதத்தைக் கணக்கிடவே முடியவில்லை என்று அறிக்கை பெருமையோடு கூறியது. எல்லா விருந்தினரும் ஒரே ஆள் என்று யாரோ சுட்டிக்காட்டியபோது தலைவர் கலங்கவில்லை.

"ஒரு தடவை வந்தவர் முந்நூத்திப் பதினோரு தடவை திரும்பி வந்திருக்கார்னா, நம்ம விருந்தோம்பலைப் பத்தி அது என்ன சொல்லுது?"

ஏப்ரலில் போட்டி. ரத்தோமிர் மேடை ஏறினான். முன்பக்கம் காட்டினான். வழக்கம்போல் மரியாதையான கைதட்டல். நடுவர், "திரும்பவும்," என்றார். ரத்தோமிர் கண்ணை மூடிக்கொண்டு திரும்பினான். நடுவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "தயவுசெய்து அப்படியே நில்லுங்க," என்றார். பக்கத்து நடுவரைக் கூப்பிட்டுக் காட்டினார். ஆறு வருடமாக வருகை தராத பின்தொடைகள் இரண்டும் வந்திருந்தன. முதல் பரிசு. ரத்தோமிர் மேடையிலேயே அழுதான், அதை மறைக்கவும் இல்லை.

வானொலிக்காரன் ஒலிவாங்கியை நீட்டினான். "இந்த வெற்றியின் ரகசியம் என்ன?"

சந்தோஷத்தில் மனிதன் உண்மையைச் சொல்லிவிடுகிறான். "மெஷின்கூட இல்லைங்க. எங்க நகரசபைக் கட்டிடத்து மாடிப்படிதான். அதுல ஓடி ஓடித்தான் வந்துச்சு."

ஸ்லாவிட்சா அவன் காலை ஓங்கி மிதித்தாள். ஆனால் வார்த்தை காற்றில் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை திஹோமிர் அளவு நாடாவோடு மாடிப்படி அடியில் நின்றார். ஒவ்வொரு படியாக எண்ணினார். பதிவு பெறாத உடற்பயிற்சிக் கருவிகள், எண்பத்தெட்டு உருப்படி, பொதுக் கட்டிடத்தில், பயிற்றுநர் மேற்பார்வையின்றி இயங்கி வருகின்றன. இதை ஓர் ஆணழகனே வானொலியில் ஒப்புக்கொண்டிருக்கிறார். உரிமம் பெறும்வரை மூடி வைக்கப்படுகிறது. சிவப்பு வெள்ளை நாடா குறுக்கே கட்டப்பட்டது. உரிமம் வழங்கும் அறை மூன்றாவது மாடியில் இருந்தது.

ஊழியர்கள் மேலே போக முடியாமல் எதிரேயிருந்த காபிக் கடையில் அலுவல் நேரம் முழுவதும் உட்கார்ந்தார்கள். மூன்று மாதம் எங்கள் ஊரில் ஒரு காகிதத்திலும் முத்திரை விழவில்லை. அந்த மூன்று மாதத்தில் ஒன்பது குழந்தைகள் அனுமதியின்றிப் பிறந்தன. இரண்டு வீடுகளுக்குக் கூரை போட்டார்கள். பத்து வருடமாகக் கோப்பில் கிடந்த சிறு பாலத்தை நாலு பேர் சேர்ந்து ஒரே வாரத்தில் சரிசெய்தார்கள். ரத்தோமிர் நினைத்தபோதெல்லாம் மெஷினில் படுத்து எழுந்தான். யாரும் அவனைப் புறப்பட்டவன் என்று சொல்லவில்லை. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எல்லோருக்கும் பயத்தைக் கொடுத்தது.

"இப்படியே போனா என்ன ஆகும்?" என்றார்கள் ரொட்டிக் கடை வரிசையில். "பாலத்துல நடக்கிறேன், ஆனா அது இருக்கா இல்லையான்னு தெரியலையே."

ரத்தோமிருக்கும் தூக்கம் கெட்டது. அவன் முதல் பரிசுச் சான்றிதழில் நகரசபை முத்திரை இல்லை. முத்திரை இல்லாமல் அதைச் சுவரில் மாட்ட அவனுக்கு மனசு வரவில்லை.

"தொடையைத் தடவிப் பாருடா. இருக்கில்ல?" என்றாள் ஸ்லாவிட்சா.

"இருக்கு அக்கா. ஆனா எழுத்துல இல்லையே."

அவள் சுவரில் மாட்டியிருந்த தாளைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய ஜிம் உரிமமும் போன மாதத்தோடு காலாவதி.

எனவே அவனே ஒரு மனு எழுதினான். மாடிப்படியை உடனே திறக்க வேண்டும், பொதுமக்களாகிய நாங்கள் சிரமப்படுகிறோம். ஊரே கையெழுத்துப் போட்டது. ஸ்லாவிட்சா பல்லைக் கடித்துக்கொண்டு போட்டாள். எல்லாரும் திரண்டு காபிக் கடைக்குப் போய் தெசாங்காவிடம் கொடுத்தார்கள். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள்.

"எல்லாம் சரியா இருக்கு," என்றாள். "நாலாவது மாடியில குடுத்துடுங்க."

யாரும் கோபப்படவில்லை. முறை என்று ஒன்று இருக்கிறதே என்று எல்லாருக்கும் நிம்மதிதான். தீயணைப்பு நிலையத்திலிருந்து ஏணி வந்தது, கட்டிடத்தின் வெளிச்சுவரில் சாய்த்தார்கள். ஊரில் அவ்வளவு உயரம் ஏறக்கூடிய கால் ஒருவனுக்குத்தான் இருந்தது. ரத்தோமிர் மனுவை வாயில் கவ்விக்கொண்டு ஏறத் தொடங்கினான். கீழே ஊர் முழுவதும் அண்ணாந்து நின்று, அவனுடைய பின்தொடைகளைக் கண் கொட்டாமல் பார்த்தது. எல்லாருக்கும் பெருமையாக இருந்தது, அவனுக்கும்தான்.