நெய் நர்ஸின் கால்கள்

கொல்லிமலையில் பேய்களுக்கு அடுத்தபடியாகச் சத்தமில்லாமல் நடந்தவர் எங்கள் நெய் நர்ஸ்தான். பேய்க்காவது கொலுசு உண்டு என்பார்கள். இவருக்கு மூச்சிரைக்கும் சத்தம்கூடக் கிடையாது.

அங்கே சுகாதார நிலையத்தில் மருந்து கொடுப்பவன் நான். அவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். செல்போனில் எதையோ பார்த்துவிட்டு சோறு, களி, கிழங்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தியிருந்தார். டிபன் பாக்ஸைத் திறந்தால் தேங்காய், முட்டை, மேலே மிதக்கும் நெய்.

"சோறு சதையில சேத்து வெக்கிற சக்கரை சீக்கிரம் தீந்துருமுங்க சார். கொழுப்பு அப்படியில்லீங்க, நாளெல்லாம் எரியும்."

எரிந்தது. ஆலத்தூர் நாட்டு மலையூர்களுக்கு மருத்துவ முகாம் போனால், ஏற்றத்தில் நான் நான்கு இடத்தில் உட்காருவேன். அவர் ஒரே சீராக நடந்து பனிமூட்டத்துக்குள் மறைந்துவிடுவார்.

"அக்கா, எங்க இருக்கீங்க?" என்று முன்னால் பார்த்துக் கத்துவேன்.

"இங்கதானுங்க" என்று என் பிடரிக்குப் பின்னாலிருந்து பதில் வரும். என்னைத் தேடித் திரும்பி வந்திருப்பார். எப்போது கடந்து போனார் என்பதே தெரியாது. நாய்கள் அவரைக் கண்டால் குரைக்காமல் எழுந்து உள்ளே போய்விடும்.

மிளகு விவசாயி ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏனுங்க, அந்தம்மா காலு தரையில படுதானு பாத்தீங்களா?"

பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே வெறும் பனி.

போன வருடம் ஒரு முகாமன்று அதே விவசாயியைப் பாம்பு கடித்துவிட்டது. போனில் டவர் இல்லை. ஊருக்கு இருந்த ஒரே ஜீப் கீழே ரோட்டில் கிளம்பும் சத்தம் மட்டும் பனிக்குள்ளிருந்து கேட்டது.

நெய் நர்ஸ் ஓடினார். பத்தடிதான். கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் மூச்சிரைப்பதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். பயமாக இருந்தது.

"சேலம் வரைக்கும் நடக்கச் சொல்லுங்க, நடப்பேன். வேகத்துக்குக் கால்ல ஒண்ணுமில்லீங்க சார். நான் இவரப் பாத்துக்கறேன், நீங்க ஓடுங்க."

காலையில் ஏழு இட்லி தின்றிருந்த நான் ஓடினேன். பள்ளிக்கூடத்திலேயே ஓடாதவன். வளைவில் ஜீப்பின் முன்னால் போய் விழுந்தேன் என்றுதான் சொல்லவேண்டும். விவசாயி பிழைத்துக்கொண்டார்.

எங்கள் டாக்டர் பிறகு நர்ஸிடம் சொன்னார்: "நீங்க சொன்னது பாதி நிஜந்தாம்மா. மெதுவா நடக்கக் கொழுப்பு போதும். திடீர்னு ஓடணும்னா சதையில சர்க்கரை இருக்கணும். சோத்தை அடியோட விட்டா அந்த இருப்பு குறைஞ்சுபோகும்."

மறுநாள் நர்ஸின் டிபன் பாக்ஸில் சாமைச் சோறு. நடுவில் குழி பறித்து நெய். கொள்கையை முழுதாகக் கைவிட மனமில்லை போலும். பாதியை என் தட்டில் தள்ளினார்.

"ஓடுன உடம்பு. தின்னு சாமி."

இரண்டு வருடமாக என்னை சார் என்றே கூப்பிட்டவர், அன்று மறந்துவிட்டார். நான் ஞாபகப்படுத்தவில்லை.