புளியமரத்தால எனக்கு ஒண்ணும் ஆகல

மறுநாள் என் பொண்டாட்டிக்கு வளைகாப்பு. கள்ளக்குறிச்சிக்குப் போயி கண்ணாடி வளையல் வாங்கியாரணும். அவ்ளோதான் வேலை.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துக்கினு இருந்த சமயம். அங்கங்க ரோட்டுல மரத்தை வெட்டிப் போட்டிருந்தாங்க. பஸ் கெடையாது. மலையடிவாரத்துல இருக்கற மாமியார் வூட்டுலேர்ந்து சைக்கிள்ல கெளம்பினேன். கூட மச்சான் சேகர். நல்ல கனம். அவன் கேரியர்ல உக்காந்தா முன்சக்கரம் தரையில நிக்க யோசிக்கும்.

வளையல் வாங்கியாச்சு. பொட்டியை மடியில வெச்சிக்கினு சேகர் சொன்னான்: "ஒண்ணு ஒடஞ்சாலும் அம்மா சகுனம் சரியில்லன்னு அழுவும். பாத்து ஓட்டுங்க மாமா."

"நான் பிசிக்ஸ் வாத்தியாருடா"ன்னேன்.

ஏரிக்கரை எறக்கம் வந்துது. தானா போற சைக்கிளை இன்னாத்துக்கு மிதிக்கணும்? வேகம் ரெண்டு மடங்கானா இயக்க ஆற்றல் நாலு மடங்காவும்னு அவனுக்கு வெளக்கிக்கினே வந்தேன்.

"மாமா, மரம்."

திருப்பத்துல ரோட்டை அடைச்சிக்கினு ஒரு புளியமரம். காலையில நாங்க போறப்ப நின்னுக்கினு இருந்த மரம்.

பிரேக்கைப் புடிச்சேன். கட்டை தேஞ்சு ரொம்ப நாளாச்சு. வெளக்கம் நின்னுச்சு, சைக்கிள் நிக்கல.

அப்பறம் மரத்துல மோதி சைக்கிளும் நின்னுச்சு. நான் நிக்கல. பறந்து போயி எலையும் கொப்புமா இருந்த பக்கம் விழுந்தேன். கொப்பு வளைஞ்சு வளைஞ்சு மெதுவா என்னை எறக்கி வுட்டுது. மோதற நேரம் ஜாஸ்தியானா விசை கம்மி. பாடத்துல இருக்கறதுதான். ஒரு கீறல் இல்ல. எழுந்திரிக்கப் பாத்தேன்.

அப்பதான் சேகர் வந்து சேந்தான்.

எனக்கு மெத்தையா கொப்பு இருந்துது. அவனுக்கு நான் இருந்தேன். என் வலது கையில மளுக்குனு ஒரு சத்தம்.

பொட்டியைத் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சிருந்தவன், என்மேல உக்காந்தபடியே தொறந்து பாத்தான். "ஒண்ணுகூட ஒடையல மாமா."

"மொதல்ல எழுந்திருடா."

மரத்துக்குக் காவலா நிழல்ல உக்காந்திருந்தவங்க ஓடியாந்தாங்க. அதுல ஒருத்தன் எங்கிட்ட படிச்சு, பிசிக்ஸ்ல பெயிலானவன்.

"சைக்கிள் போவ ஓரமா வழி வுட்டிருக்கமே சார், பாக்கலீங்களா?"

"பாத்தேன்பா. நிலைமம்."

அவன் தலையாட்டினான். "கிளாஸ்ல சொன்னப்ப புரியல சார். இப்ப புரியுது."

அவங்களே மாட்டுவண்டி புடிச்சு, கட்டு போடற வைத்தியர்கிட்ட அனுப்பி வெச்சாங்க.

வூட்டு வாசல்ல மாமியார் பதறிப்போயி நின்னாங்க. "வளையல் ஒடையலியே மாப்ள?"

"ஒடையலீங்க. கைதான்."

"அப்பாடா"ன்னு உக்காந்தாங்க.

மறுநாள் பொண்டாட்டிக்குக் கை நெறைய வளையல். நான் கழுத்துல துணி கட்டி கையைத் தொங்கவுட்டுக்கினு ஓரமா உக்காந்திருந்தேன். வந்தவங்க எல்லாரும் ரொம்ப நல்ல சகுனம்னாங்க.