கூட்டினால் எட்டு

ஒரு காட்டில் டெலிபோன் எண்களுக்குப் பஞ்சம் வந்தது. தண்ணீர் இருந்தது, புல் இருந்தது, இரையும் தாராளமாக ஓடித் திரிந்தது. எண் மட்டும் இல்லை.

காட்டுக்குப் போன் வந்த புதிதில் மிருகங்கள் ஆளுக்கு ஓர் எண்தான் வாங்கின. பிறகு வீட்டுக்கு ஒன்று, வெளியே எடுத்துப் போக ஒன்று, சம்பந்தி வீட்டாரிடம் கொடுத்துவிட்டு எடுக்காமல் இருக்க ஒன்று என்று வாங்கத் தொடங்கின. குரங்குகள் கிளைக்கு ஒன்று கேட்டன. யானைகள் எதற்கும் இருக்கட்டும் என்று கட்டுக்கட்டாக வாங்கி வைத்துக்கொண்டன. ஒருநாள் எண் வழங்கும் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த கீரி, நம்பர் தீர்ந்துவிட்டது என்று சொல்லி ஜன்னலைச் சாத்திவிட்டது.

புலி மகாராசாவைத் தூக்கத்திலிருந்து எழுப்பிச் சொன்னார்கள். அவர் மறுபடியும் தூங்கவேண்டிய அவசரத்தில் ஒரு சட்டம் போட்டார். அதற்கு எண் சிக்கனச் சட்டம் என்று பெயர். ஒரு மிருகத்துக்கு ஓர் எண்தான். மிச்சத்தைத் திருப்பித் தந்துவிட வேண்டும். ஒருமுறை கொடுத்த எண்ணை ஆயுசுக்கும் மாற்ற முடியாது. இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஓர் ஆணையம் அமைத்து, கடமானைத் தலைவராகப் போட்டார். அத்தனை கிளைவிட்ட கொம்பு உள்ளவருக்கு நிர்வாகம் தெரியாமலா இருக்கும் என்பது அவர் கணக்கு.

இப்போது ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காட்டில் எண்ணுக்குப் பஞ்சமே கிடையாது.

ஒவ்வோர் எண்ணையும் ஒரு மரவில்லையில் செதுக்கி வைத்திருந்தார்கள். எண் கேட்டு வருகிறவருக்கு வில்லையைக் கொடுப்பார்கள். வில்லையை வாங்கிய மிருகம் வீட்டுக்குப் போகாது. நேராகத் தேவாங்கு சோசியரிடம் போகும். அவர் இலக்கங்களை ஒற்றை எண் வரும்வரை கூட்டுவார். ஒன்று வந்தால் அரச யோகம், ஆறு வந்தால் சுகபோகம் என்பார். நான்கு, ஏழு, எட்டு என்று வந்துவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டார். அவ்வளவு பெரிய கண்களை மெதுவாக மூடிக்கொள்வார். அதைப் பார்த்த மிருகம் வில்லையைக் கவுன்ட்டரில் வீசிவிட்டு ஓடிவிடும். இப்படித் திரும்பி வந்த வில்லைகள், மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு, கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்த கிடங்கில் குவிந்து கிடந்தன.

இது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால், "அப்ப நீங்க ஒண்ணு எடுத்துக்கிறது" என்று பக்கத்தில் இருக்கிறவர் சொல்லிவிடுவார் என்ற பயம்.

இந்த நேரம் பார்த்துப் பக்கத்து மலையிலிருந்து பிழைப்புத் தேடி ஓர் அழுங்கு வந்தது. உடம்பெல்லாம் ஓடு ஓடாகச் செதிலும் நீளமான நாக்கும் உள்ள எறும்புத்தின்னி இருக்கிறதே, அதுதான். பெயர் செண்பகவல்லி. குலத்தொழில், அடுத்தவர் வீட்டுக் கறையானைச் சுத்தம் செய்து கொடுப்பது. கூலி கிடையாது. கறையான்தான் கூலி, அதுதான் சாப்பாடு. போன் அடித்தால் சோறு, அடிக்காவிட்டால் பட்டினி.

எண் வேண்டும் என்று கேட்டதும் கீரிக்குத் தலைகால் புரியவில்லை. கிடங்கிலிருந்து ஒரு வில்லையை எடுத்து, கையால் தராமல் குச்சியால் தள்ளிவிட்டது. 43622. கூட்டினால் பதினேழு. பதினேழைக் கூட்டினால் எட்டு. ஊருக்குப் புதியவளான செண்பகவல்லி எதையும் கூட்டிப் பார்க்கவில்லை. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்து, தன் வளைக்கு முன்னால் ‘கறையான் எடுத்துத் தரப்படும், போன் செய்யவும்’ என்று பலகை வைத்தாள். போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

போன் அடிக்கவில்லை. மழை வந்து போனது, அடிக்கவில்லை. வெயில் வந்தது, அப்போதும் அடிக்கவில்லை. கூப்பிடாமல் அடுத்தவர் மரத்தில் ஏறிக் கறையானைத் தின்றால் அத்துமீறல், அதற்குத் தனியாகச் சட்டம் இருந்தது. செண்பகவல்லி இளைத்தாள். நடந்தால் செதில்கள் கடகடவென்று ஆடின.

எதிர் மரத்தில் பேச்சி என்ற மலையணில் குடியிருந்தது. அந்த மரத்தை அடியிலிருந்து நுனிவரை கறையான் அரித்துக்கொண்டிருந்தது. செண்பகவல்லி கீழே நின்று அதை ஏக்கத்தோடு பார்ப்பதும், பேச்சி மேலே இருந்து இவளைச் சங்கடத்தோடு பார்ப்பதுமாக இருந்தார்கள். கடைசியில் பேச்சியே மனசு கேட்காமல் இறங்கி வந்தது.

"உன்னைத்தான் கூப்பிடணும்னு இருக்கேன் செம்பா. காத்தடிச்சா மரமே ஆடுது. ஆனா உன் நம்பரை அழுத்தணுமே, கை வரமாட்டேங்குது."

எண்ணின் விவகாரம் செண்பகவல்லிக்கு அன்றுதான் தெரிந்தது. பிறகு, அதான் எதிரிலேயே நிற்கிறேனே, போன் எதற்கு, வாயால் கூப்பிடு என்றாள்.

பேச்சியின் முகம் சுண்டிவிட்டது. "வாயாலயா? நாம என்ன காட்டுமிராண்டியா?"

செண்பகவல்லி எண்ணை மாற்றித் தரச் சொல்லி ஆணையத்துக்குப் போனாள். கடமான் தலைவர் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார், பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். இப்படி அன்பாக நடத்தினால் வேலை நடக்காது என்று அவளுக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். எண்ணே இல்லாமல் எத்தனையோ பேர் வரிசையில் நிற்கும்போது, கையில் எண்ணை வைத்துக்கொண்டு வேறு எண் கேட்பது நியாயமா என்று அவர் கேட்டார். சட்டத்தில் இடமில்லை என்றும் சொன்னார். அவருடைய சொந்த எண்ணுக்குக் கூட்டுத்தொகை ஐந்து. சட்டம் வருவதற்கு முந்தின நாள் மாலை அதை மாற்றிக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் குட்டிகள் நிறையப் பிறந்தன. கவுன்ட்டரில் வரிசை ஆற்றைத் தாண்டிப் போனது. ஆணையம் கூடி யோசித்து, எல்லா எண்ணுக்கும் முன்னால் புதிதாக ஓர் இலக்கம் சேர்ப்பது என்று முடிவு செய்தது. அதற்கு ஏரியா கோடு என்று பெயர் வைத்தார்கள்.

செய்தி வந்த அன்று செண்பகவல்லி நகங்களை விரித்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டாள். எட்டோடு ஒன்று சேர்ந்தால் ஒன்பது. இரண்டு சேர்ந்தால் ஒன்று, அரச யோகம். ஏழு சேர்ந்தால் ஆறு, சுகபோகம். இத்தனை நாள் கழித்துத் தனக்கும் நல்ல காலம் பிறந்துவிட்டது என்று அவளுக்கு அழுகையே வந்தது. போனை எடுத்துத் துடைத்து வைத்தாள்.

எந்த இலக்கம் என்று முடிவு செய்யப் பொதுக்கூட்டம் போட்டார்கள். புலி மகாராசா பாறைமேல் படுத்திருந்தார். தேவாங்கு சோசியர் அவருக்குப் பக்கத்தில் கிளையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கடமான் தலைவர், முதலில் ஒன்று போடலாமா என்றார். யானைகள் பிளிறின. அவை வைத்திருந்ததெல்லாம் ஆறு, ஒன்று சேர்ந்தால் ஏழாகிவிடும். இரண்டு என்றார். எட்டாகிவிடும் என்று மறுபடியும் பிளிறின. மூன்று என்றார். மகாராசா ஒரு கண்ணைத் திறந்தார். அவருடையது ஒன்று, மூன்று சேர்ந்தால் நான்கு. தலைவர் அவசரமாக நான்குக்குத் தாவினார். மூன்றாம் எண்காரரான காட்டெருமை, அப்படியானால் தன் குடும்பம் ஏழரையில் அல்ல, ஏழிலேயே உட்கார்ந்துவிடும் என்று முக்காரம் போட்டார். ஐந்தும் அவரால் போயிற்று. ஆறும் ஏழும் மகாராசாவுக்கு ஆகவில்லை. எட்டு என்பதைத் தலைவரே யாரும் கேட்காமல் வாபஸ் வாங்கிக்கொண்டார், ஐந்தும் எட்டும் சேர்ந்தால் நான்கில் கொண்டுபோய் விடுகிறதே. சைபர் போடலாம் என்றால், அது வெளிக்காட்டுக்குப் பேச ஏற்கெனவே வைத்திருக்கிற இலக்கம்.

அப்போது தேவாங்கு சோசியர் கிளையிலிருந்து மெல்லத் தொண்டையைச் செருமினார். எந்த எண்ணோடு ஒன்பதைச் சேர்த்தாலும் கூட்டுத்தொகை பழையபடியே வரும் என்றார். ஒன்றோடு ஒன்பது பத்து, மறுபடி ஒன்று. ஆறோடு ஒன்பது பதினைந்து, மறுபடி ஆறு. எல்லோருடைய எண்ணும் மாறும், யாருடைய ராசியும் மாறாது.

காடு அதிரக் கைதட்டினார்கள். யானைகள் கண்ணீர் விட்டன.

செண்பகவல்லியும் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பதினேழோடு ஒன்பது இருபத்தாறு. இரண்டும் ஆறும் எட்டு. செதில்கள் கடகடக்கக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அய்யா, ஒன்பதைத் தவிர எதை வேணா போடுங்க. நான் சாப்பிட்டு ரொம்ப நாளாச்சு."

கடமான் தலைவருக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. "உங்களுக்கு மட்டுமா மாறல? ஒருத்தருக்குமே எதுவும் மாறலம்மா. இதுக்கு மேல எப்படிச் சமமா நடத்துறது?"

ஒன்பது நிறைவேறியது. எல்லோருக்கும் முன்னால் ஒரே ஒன்பதைப் போட்டால் புதிதாக ஓர் எண்கூடக் கிடைக்காதே என்று ஒரு முயல் எழுந்து கேட்டது. எண் முன்பைவிட நீளமாகியிருப்பதைப் பார்க்கவில்லையா என்று கேட்டு அதை உட்காரவைத்தார்கள்.

செண்பகவல்லிக்கு வெறுத்துவிட்டது. இந்த எண்ணும் வேண்டாம், இந்தக் காடும் வேண்டாம் என்று வில்லையைத் திருப்பிக் கொடுக்கக் கவுன்ட்டருக்குப் போனாள். கீரி எட்டாம் எண் வில்லையைத் தொடுமா? பின்வாங்கிப்போய் நின்றுகொண்டு, நீங்களே கிடங்கில் போட்டுவிடுங்கள் அம்மா என்று சாவியைத் தூக்கி எறிந்தது.

கிடங்கின் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தரையிலிருந்து கூரைவரை கறையான். யாரும் தொடாத, யாரும் எட்டிக்கூடப் பார்க்காத மரவில்லைகளைக் கறையான்கள் பரம்பரை பரம்பரையாகத் தின்று கொழுத்திருந்தன. நான்குகளிலும் ஏழுகளிலும் புற்று எழும்பியிருந்தது. எட்டுகளில் இருந்தவை தனி ருசி. செண்பகவல்லி கதவை உள்ளே சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது அவளால் நடக்க முடியவில்லை.

மறுநாள், போட்ட வில்லை பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க வந்ததாகக் கீரியிடம் சொன்னாள். அதற்கடுத்த நாள் அதையும் சொல்லவில்லை. உள்ளே போக ஓர் ஆள் கிடைத்ததே என்று கீரிக்கு நிம்மதி. சாவியை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது, வில்லையையும் அவளையே திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டது. செண்பகவல்லி உருண்டு திரண்டு, செதிலெல்லாம் பளபளக்க, காட்டைவிட்டுப் போகும் எண்ணத்தை மறந்துபோனாள்.

கடமான் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு ஒரு கருமந்தி வந்தார். இளவயது, பகுத்தறிவு, கண்ணில் நெருப்பு. முதல் வாரமே கணக்கைப் பார்த்துவிட்டு, பஞ்சம் என்பதே புளுகு, மூன்றில் ஒரு பங்கு எண்கள் மூடநம்பிக்கையால் தூங்குகின்றன என்று கண்டுபிடித்தார். கிடங்கைத் திறந்து எல்லா வில்லைகளையும் வழங்கிவிட வேண்டும், அதற்கு முன் எட்டால் கெடுதல் இல்லை என்று ஊர் அறியச் சாட்சி சொல்ல ஒருவர் வேண்டும். யாரும் அழுத்தப் பயந்த எண்ணை அவர் தன் விரலாலேயே அழுத்தினார்.

செண்பகவல்லியின் வளையில் போன் அடித்தது. அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் அழைப்பு. ஒரு காலத்தில் இந்தச் சத்தத்துக்காக எப்படி ஏங்கினாள். இப்போது வயிறு முட்ட இருந்ததால் எழுந்து போய் எடுக்கவே சிரமமாக இருந்தது. கருமந்தி தழுதழுத்த குரலில், உங்களுக்கு நடந்த அநியாயம் நாளையோடு முடிகிறது அம்மா, இனிமேல் ஊரே உங்களைக் கூப்பிடும் என்றார். ஊர் கூப்பிட்டால் மரம் மரமாக ஏறி இறங்க வேண்டும் என்பதை அவள் நினைத்துப் பார்த்தாள். கிடங்கில் நிழல் இருந்தது, ஏற வேண்டியதில்லை.

கூட்டம் கூடியது. முன்வரிசையில் புதிதாக வந்த மரநாய் ஒன்று நின்றிருந்தது. அதன் கையில் ஏழாம் எண். விலா எலும்பு தெரிந்தது. அது இவளையே நம்பிக்கையோடு பார்த்தது. செண்பகவல்லிக்கு வெட்கமாகத்தான் இருந்தது, அதனால் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

கருமந்தி அவளை மேடையேற்றினார். "எட்டாம் நம்பர்காரங்களைப் பாருங்க. இளைச்சா இருக்காங்க? எவ்வளவு ஆரோக்கியமா, பூரிப்பா இருக்காங்க?"

எல்லோரும் பார்த்தார்கள். புலி மகாராசாகூட இரண்டு கண்ணையும் திறந்தார். செண்பகவல்லி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"இது பூரிப்பு இல்லீங்க. வீக்கம்."

கூட்டம் மொத்தமாக ஓரடி பின்வாங்கியது. எட்டு வாங்கிய நாளிலிருந்து படும் பாட்டை அவள் உருக்கமாகச் சொன்னாள். அந்தக் கிடங்கை மட்டும் யாரும் திறந்துவிடாதீர்கள், என்னோடு போகட்டும் என்று கேட்டுக்கொண்டாள். தேவாங்கு சோசியர் கண்களை மூடிக்கொண்டார். மகாராசா கிடங்கை நிரந்தரமாகப் பூட்டச் சொல்லி, சாவியை அவளிடமே ஒப்படைத்தார். அன்று மாலையே கருமந்தியை வெளிக்காட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே பேச, முதலில் சைபர் போட வேண்டும்.

நீதி: அநியாயத்தை ஒழிக்கக் கிளம்புகிறவர், பாதிக்கப்பட்டவர் சாப்பிட்டாச்சா என்று முதலில் கேட்டுக்கொள்ளவும்.